உள்ளது உள்ளபடி ஒரு ஸ்டேஷன்

பொண்ணு வெளியூர் வேலைக்குப் பெட்டியத் தூக்கிக்கிட்டுக் கிளம்பி அரை மணி நேரம்கூட ஆகல. டாக்ஸி தெருமுனை தாண்டினதும் வாசல்ல நின்னு கண்ணத் தொடச்சுக்கிட்ட ரெண்டு பேரும் உள்ள வந்தாங்க. வந்ததும் ஆளுக்கு ஒரு பக்கமா மறைஞ்சு, அவ இருந்த பின்ரூம்ல ஒரே நேரத்துல முளைச்சாங்க. இந்த மூலையில அப்பா, கையில ஸ்டீல் ஸ்கேலோட. அந்த மூலையில அம்மா, கழுத்துல டேப்போட. ரெண்டு பேரும் குனிஞ்சபடியே அளந்துக்கிட்டு வந்து நடு ரூம்ல தலையோட தலை முட்டிக்கிட்டாங்க.

"என்னங்க தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல. ரூமோட நீளம் சரியா இருக்கான்னு பாத்தேன்."

"இருபது வருஷமா சரியாத்தானே இருந்துது? நேத்து சுருங்கிடுச்சா?"

"நீ என்ன பண்றே?"

"நான் அகலம் பாக்கறேன்."

அப்பாவுக்குத் தெருவுல பேரு ஸ்கேல் சார். நில அளவை ஆபீசுல டிராஃப்ட்ஸ்மேன். பழைய மேப்பைப் பாத்து அப்படியே புது மேப் வரையற வேலை, முப்பத்தொரு வருஷமா. சட்டைப் பையில பேனா இருக்கோ இல்லையோ, ஆறங்குல ஸ்கேல் இருக்கும். ரொட்டிய ரெண்டாப் பிச்சா ரெண்டு பாதியையும் அளந்து பாத்துட்டுத்தான் வாயில வெப்பாரு.

அம்மா டெய்லரம்மா. அவங்களுக்கு ஸ்கேலும் வேணாம், பல நேரம் டேப்பும் வேணாம். ஆள் வாசப்படி ஏறும்போதே மார்பு, இடுப்பு, உயரம் மூணும் மனசுல எழுதிடுவாங்க. கண்ணு நல்லா இருந்து என்ன பிரயோஜனம்? தையல் மெஷின் கிடந்த இடம் சமையல்கட்டுக்கும் பாத்ரூமுக்கும் நடுவுல இருக்கற சந்து. தெச்சதப் போட்டுப் பாக்கற ரூம், ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கற ஒண்ணரை அடி இருட்டு. ஒரு தடவை ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ் அங்க நின்னு புது கவுனுக்குள்ள தலைய விட்டு, வெளிய எடுக்க வழி தெரியாமத் திணறிக்கிட்டு இருந்தாங்க. அந்த நேரம் பாத்து ஸ்கேல் சார் குளிர்ந்த தண்ணி எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தாரு, பின்னாடி நின்னவங்களையும் பாத்துட்டாரு. அன்னிலேர்ந்து ஹெட்மிஸ்ட்ரஸ் அவரைத் தெருவுல பாத்தா எதிர்ப்பக்கம் மாறிடுவாங்க.

"எட்டு வருஷமா ஒரு ரூம் கேக்கறேன்"னு ஆரம்பிச்சாங்க டெய்லரம்மா.

"நான் பன்னெண்டு வயசுலேர்ந்து ஒரு ரயில் கேக்கறேன்."

"அதை உங்கப்பாகிட்ட கேளுங்க."

"கேட்டேன். கல்யாணம் பண்ணி வெச்சுட்டாரு."

இந்த ரயில் விஷயத்தக் கொஞ்சம் சொல்லிடணும். ஸ்கேல் சாருக்கு வாழ்க்கையில ஒரே ஒரு ஆசை. ஒரு ரூம் நிறைய தண்டவாளம் போட்டு, ஸ்டேஷன் கட்டி, கை நீள ரயில் ஒண்ண சுத்திச் சுத்தி ஓட விடணும். பொம்மை ரயில்னு யாராவது சொன்னா கோவம் வரும். "மாதிரி ரயில்"னு திருத்துவாரு. திருத்தினதுக்கு அப்புறமும் எல்லாரும் பொம்மைன்னுதான் சொல்லுவாங்க.

ஆசை ஒரு பக்கம் வாட்டினா, மாடி வீட்டு பல் டாக்டர் இன்னொரு பக்கம் வாட்டினாரு. அவரு ஏற்கெனவே கட்டிட்டாரு. கிளினிக்ல பல் அச்சு எடுக்கற பிளாஸ்டர் மூட்டை மூட்டையா மிச்சம். அதைக் குழைச்சு மலை பண்ணியிருந்தாரு. கிட்டப் போய்ப் பாத்தா மலையில ஆங்காங்க கடவாய்ப்பல் தெரியும். மலை உச்சியில பனி. பனிக்குப் பக்கத்துல எரிமலை. கீழ கடல், கடல் மேல பாலம், பாலத்துக்கு அடியில ஒரு டைனோசர்.

"டாக்டரே, எரிமலைக்குப் பக்கத்துல பனி எப்படி இருக்கும்?"

"இருந்துட்டுப் போகட்டுமே சார். என் எரிமலை. சூட்டைக் கம்மியா வெச்சிருக்கேன்."

"டைனோசர் இருந்த காலத்துல ரயில் ஏது?"

"அது டிக்கெட் செக்கர் சார். சர்வீஸ்ல சீனியர்."

மாதிரி ரயில் கட்டறவங்கள்ல ரெண்டு கட்சி உண்டு. ஒண்ணு கற்பனைக் கட்சி: மனசுக்கு வந்த ஊரு, மனசுக்கு வந்த ரயில், கேள்வி கேட்டா "என் இஷ்டம்". இன்னொண்ணு அசல் கட்சி: உலகத்துல நெஜமா இருக்கற ஒரு ஸ்டேஷன், ஒரு வருஷம், முடிஞ்சா ஒரே ஒரு தேதி, அன்னிக்கு என்ன இருந்துதோ அதை எண்பத்தேழுல ஒரு பங்கா சுருக்கி அப்படியே கட்டணும். ஒரு ஆணி கூடவோ குறையவோ கூடாது. டாக்டர் முதல் கட்சியில பொதுச்செயலாளர். ஸ்கேல் சாரு, இன்னும் ஒரு அடி தண்டவாளம்கூட போடாமலே, ரெண்டாவது கட்சியில தலைவர்.

"கற்பனைங்கறது அளக்கத் தெரியாதவனோட சாக்கு டாக்டரே."

"அசல்ங்கறது யோசிக்கத் தெரியாதவரோட சாக்கு சார். வாயத் திறந்து பேசறீங்களே, அந்தப் பின்பல்லு சொத்தை மாதிரி தெரியுது. வந்து காட்டுங்க."

ரூம் சண்டைக்கு அப்புறம் டெய்லரம்மா மூணு நாள் பேசல. கல்யாணமான இருபத்தாறு வருஷத்துல அவங்க ஒரு விஷயத்தை மூணு நாள் யோசிச்சது அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவைதான். அந்தத் தடவை அவரோட மோட்டார் சைக்கிள் போச்சு. ஸ்கேல் சாரு அதை ஞாபகம் வெச்சிருக்கணும். வெச்சுக்கல.

நாலாவது நாள் காலையில டீயோட ஒரு கவரும் வந்துது.

"ரூமை நீங்களே வெச்சுக்குங்க."

ஸ்கேல் சார் டீயைக் கீழ வெச்சாரு. "உடம்பு கிடம்பு சரியில்லையா உனக்கு?"

"நல்லாத்தான் இருக்கேன். ஆனா மாடி டாக்டர் மாதிரி கண்டதையும் கொண்டுவந்து ரொப்பறதுக்கு நான் ரூம் தரமாட்டேன். கட்டினா நெஜமா இருந்த ஸ்டேஷனாக் கட்டுங்க. இந்தாங்க."

கவருக்குள்ள ஒரு பழைய போட்டோ. ஒரு சின்ன ஸ்டேஷன். ஓட்டுக்கூரை, ஒரு பெஞ்சு, ஒரு கடிகாரம், சுவத்துல ஒரு கரும்பலகை. நடுவுல கல்யாணமாகி மறுநாள் வண்டி ஏற வந்த ரெண்டு பேரு, பல்லு புடுங்கறதுக்கு வரிசையில நிக்கற மாதிரி மொகத்தோட. ஸ்டேஷன்ல காசுக்குப் படம் பிடிச்சுக் கொடுக்கற ஆள் ஒருத்தர் எடுத்தது. பின்னாடி நீல மையில தேதி.

ஸ்கேல் சாருக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. அந்த ரயில் பயணத்தப் பத்தி அவரு சொல்லாத ஆள் தெருவுல கிடையாது. ஜன்னலோர சீட்டு. சிலுசிலுன்னு காத்து. புதுப் பொண்டாட்டி அவரு தோள்ல சாஞ்சு தூங்கிட்டா. எழுப்பக் கூடாதுன்னு ஆறு மணி நேரம் தோளை அசைக்கவே இல்ல. முதல்ல சொன்னப்ப அது ரெண்டு மணி நேரமாத்தான் இருந்துது. வருஷா வருஷம் கொஞ்சம் ஏறிடுச்சு. அவரு சொல்றப்பல்லாம் டெய்லரம்மா நூல் கோப்பாங்க.

"ஒரே ஒரு கண்டிஷன்"னாங்க. "அன்னிக்கு அங்க இருந்ததுதான் இருக்கணும். இல்லாத ஒண்ணு உள்ள வந்துது, ரூம் எனக்கு."

"இதை நீ சொல்லணுமா? என் கட்சிக் கொள்கையே அதானே! எழுத்துலயே தரேன்."

அவரே எழுதினாரு, ஆபீஸ் கையெழுத்துல, கோடு போட்ட தாளுல: 'இந்த அறையில் அமையும் ஸ்டேஷன், மேற்படி படத்தின் தேதியில் உள்ளது உள்ளபடி இருக்கும். அன்று அங்கே இல்லாத எதுவும் இதில் இராது. இருந்தால், அறை மறுபேச்சின்றி தையல் மெஷினைச் சேரும்.'

டெய்லரம்மா படிச்சுப் பாத்தாங்க. "'எதுவும்'க்குப் பக்கத்துல, 'நிற்பதோ ஓடுவதோ'ன்னு சேருங்க."

"அட! டிராஃப்ட்ஸ்மேன் பொண்டாட்டின்னா சும்மாவா?" சேத்தாரு. சாட்சிக் கையெழுத்துப் போட மாடியிலேர்ந்து டாக்டர் வந்தாரு. அவரு போட்டோவைப் பாத்தாரு, தாளைப் பாத்தாரு, டெய்லரம்மா மொகத்தையும் பாத்தாரு. பல் டாக்டருக்கு மொகம் பாத்தே எங்க வலின்னு தெரிஞ்சுடும்.

"சார், எதுக்கும் ஒரு தடவை யோசிச்சு..."

"நீங்க கையெழுத்தப் போடுங்க டாக்டரே. கற்பனை பண்ணாதீங்க."

ஏழு மாசம் ஓடிச்சு. ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையக் கழட்டி, பனியனோட ரூமுக்குள்ள போனா, சாப்பாட்டுக்குக் கூப்பிடற வரைக்கும் வெளிய வரமாட்டாரு. போட்டோவைப் பெருசாக்கி செவுத்துல மாட்டினாரு. கையில லென்ஸ். கூரையில தெரியற பக்கத்துல இருந்த ஓடுகளை எண்ணினாரு, நானூத்துப் பன்னெண்டு. நானூத்துப் பன்னெண்டு ஓடும் அட்டையில வெட்டி ஒண்ணொண்ணா ஒட்டினாரு. தெரியாத பக்கத்துக்கு ஓடே போடல. டாக்டர் எட்டிப் பாத்துட்டுக் கேட்டாரு.

"மழை வந்தா பின்பக்கம் ஒழுகுமே சார்?"

"பின்பக்கம் போட்டோல இல்ல. ஆதாரம் இல்லாம ஓடு வெக்கமாட்டேன்."

"சரி, பிளாட்பாரத்துல இது என்ன? வாலு மட்டும் நீட்டிக்கிட்டு?"

"நாயி."

"முன்பக்கம்?"

"படத்துல வெட்டுப்பட்டுடுச்சு."

"அதனால அரை நாயா?"

"எவ்வளவு நாய்க்கு ஆதாரம் இருக்கோ அவ்வளவு நாய்."

டாக்டர் செவுத்தப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. கொஞ்ச நேரம் சிரிப்பு நிக்கல. "என் டைனோசர் முழுசா இருக்கு சார். அதுக்கு ஆதாரமே கிடையாது, ஆனா மூஞ்சி இருக்கு."

டெய்லரம்மாவும் அப்பப்ப வந்து உதவி பண்ணினாங்க. "பெஞ்சுக்கு ஒரு கால் கிடையாதுங்க. நல்லாப் பாருங்க, செங்கல் முட்டுக் குடுத்திருக்கு." லென்ஸ் வெச்சுப் பாத்தா ஆமாம். அரிசி பாதி சைஸுக்கு ஒரு செங்கல் பண்ணி வெச்சாரு. "என் காலுல செருப்பு ஒரு வாரு பிஞ்சிருக்கும், பாருங்க." ஆமாம். அதையும் பண்ணினாரு. ரெண்டு சென்டிமீட்டர் உசரத்துக்குப் புருஷனும் பொண்டாட்டியும் உர்ருன்னு நின்னாங்க.

"உன் ஞாபகம் பயங்கரம்மா"ன்னு புகழ்ந்தாரு ஸ்கேல் சார்.

"அப்படித்தான் இருக்கணும் போல"ன்னாங்க டெய்லரம்மா. சொல்லிட்டு, ரூமைக் கண்ணாலயே ஒரு சுத்து அளந்துட்டுப் போனாங்க. ஜன்னல் பக்கம் கொஞ்சம் அதிக நேரம் நின்னாங்க. மெஷினுக்கு வெளிச்சம் இடது கைப்பக்கம் விழணும்.

கடைசியா கரும்பலகை. நெஜத்துல மூணடி, ரூமுல கட்டைவிரல் நகம். அதுல சாக்பீஸ்ல நாலஞ்சு வரி. இந்த இடத்துலதான் ஸ்கேல் சாரோட முப்பத்தொரு வருஷ அனுபவம் நின்னு விளையாடிச்சு. அவரு வேலையில சேந்த முதல் நாளே தலைமை டிராஃப்ட்ஸ்மேன் ஒரு பாடம் சொன்னாரு: பாத்து வரையறப்ப அசலைத் தலைகீழா வை. நேரா வெச்சா கண்ணு படிக்கும். படிச்சா மூளை உள்ள வரும். மூளை வந்தா கை தானா ஒரு திருத்தம் பண்ணிடும். தலைகீழா வெச்சா வெறும் கோடு. கோட்டைக் கோடா வரை. அந்தப் பாடத்துனாலதான் ஆபீசுல அவரு மேப்புல இன்னிய வரைக்கும் ஒரு தப்பு கிடையாது. ஆயிரம் மேப் வரைஞ்சிருப்பாரு, ஒண்ணுல என்ன இருக்குன்னு கேட்டா சொல்லத் தெரியாது.

போட்டோவைத் தலைகீழா மாட்டினாரு. பலகையத் தலைகீழா வெச்சாரு. மூணே மூணு முடி விட்ட பிரஷ்ஷு. மூச்சப் புடிச்சு ஒரு கோடு, மூச்ச விட்டு ஒரு சுழி. ஒன்பது நாள். முடிச்சதும் நேராத் திருப்பி ஒட்டினாரு. வெறும் கண்ணுக்கு அது வெள்ளைப் புள்ளி தெளிச்ச மாதிரிதான் இருந்துது. ஆனா ஒரு சுழி பிசகல. அது அவருக்குத் தெரியும், போதும்.

அப்புறம் ரயில் வந்துது, பார்சல்ல. அந்த வருஷம் அந்தப் பாதையில என்ன இன்ஜின் ஓடிச்சுன்னு நாலு பேருக்கு லெட்டர் போட்டுக் கேட்டு, அதே இன்ஜின், அதே நெறம், அதே மாதிரி அஞ்சு பெட்டி. ரூமைச் சுத்தி தண்டவாளம். பார்சலைப் பிரிக்கறப்ப பன்னெண்டு வயசுப் பையன் மாதிரி இருந்துது அவரு மொகம். டெய்லரம்மா அதைக் கதவுகிட்ட நின்னு பாத்தாங்க. ஏதோ சொல்ல வாயெடுத்தாங்க. அந்த நேரம் சந்துல மெஷின் மேல பாத்ரூம் ஈரத்துணி விழுந்த சத்தம் கேட்டுது. வாய மூடிக்கிட்டுப் போயிட்டாங்க.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத் தொடக்க விழா. விருந்தாளி டாக்டர் மட்டும். கிளினிக்லேர்ந்து நேரா வந்ததால நெத்தியில விளக்கு, கண்ணுல பல்லு பாக்கற பூதக்கண்ணாடி. ஸ்கேல் சார் இஸ்திரி போட்ட சட்டை. டெய்லரம்மா கழுத்துல டேப்பு.

"இந்தப் பட்டனை நான் அமுக்கினதும்"னு ஆரம்பிச்சாரு ஸ்கேல் சார், "இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி எங்களை ஏத்திக்கிட்டுப் போன அதே வண்டி..."

"ஒரு நிமிஷங்க"ன்னாங்க டெய்லரம்மா. "டாக்டர் தம்பி, கண்ணாடி போட்டிருக்கீங்கல்ல? அந்தக் கரும்பலகையில என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிங்களேன்."

"நல்லாப் பாருங்க டாக்டரே"ன்னு ஸ்கேல் சார் பெருமையா நகர்ந்து வழிவிட்டாரு. "ஒன்பது நாள் வேலை. ஒரு சுழி பிசகிருந்தா மீசைய எடுத்துடறேன்."

டாக்டர் குனிஞ்சாரு. நெத்தி விளக்கப் போட்டாரு. பழக்கதோஷத்துல, "ஆ காட்டுங்க"ன்னாரு. அப்புறம் மெதுவாப் படிச்சாரு.

"அறிவிப்பு. பாலத்தில் வேலை நடப்பதால்..."

"ம்?"

"இன்று இந்த வழியில்..."

"சொல்லுங்க டாக்டரே!"

"எந்த வண்டியும் கிடையாது."

அந்த அரை நாய்கூட வாலை ஆட்டற மாதிரி இருந்துது.

ஸ்கேல் சார் லென்ஸைப் புடுங்கிப் பாத்தாரு. செவுத்துல இருந்த போட்டோவைப் பாத்தாரு. அது ஒரு மாசமாத் தலைகீழாவே தொங்கிக்கிட்டு இருந்துது. நேராத் திருப்பினாரு. படிச்சாரு. முப்பத்தொரு வருஷத்துல முதல் தடவையா, தான் வரைஞ்சதைத் தானே படிச்சாரு.

"அப்ப நாம..."

"பஸ்ல போனோம்"னாங்க டெய்லரம்மா.

"ஜன்னலோர சீட்டு?"

"கடைசி சீட்டு. ஒவ்வொரு பள்ளத்துக்கும் உங்க தலை கூரையில இடிச்சுது."

"என் தோள்ல நீ தூங்கினது?"

"என் தோள்ல நீங்க தூங்கினீங்க. வாயத் திறந்துக்கிட்டு. பக்கத்துல ஒருத்தர் மடியில ஆட்டுக்குட்டி வெச்சிருந்தாரு. அது உங்க டிக்கெட்டத் தின்னுடுச்சு. கண்டக்டர் உங்களை எழுப்பித் திட்டினாரு."

ஸ்கேல் சார் ஸ்டூல்ல உக்காந்தாரு. மொகத்துல ஏதோ தேடற பார்வை. மெதுவா, "ஆமாம்... வெள்ளை ஆட்டுக்குட்டி"ன்னாரு. "இப்ப ஞாபகம் வருது. கழுத்துல கயிறு இருந்துது, இல்ல?"

டெய்லரம்மா ஒரு வினாடி அவரையே பாத்தாங்க. "இருந்துது, இருந்துது. இப்ப தாளை எடுங்க. 'நிற்பதோ ஓடுவதோ, அன்று அங்கே இல்லாத எதுவும்.'"

"இரு, இரு. மறுநாள்! மறுநாள் பாலம் சரியாயிருக்கும்ல? மறுநாள் தேதி போட்டுக்கறேன்."

"மறுநாளைக்குப் போட்டோ இருக்கா?"

"இல்ல."

"ஆதாரம் இல்லாம ஓடுகூட வெக்கமாட்டீங்க. வண்டிய வெப்பீங்களா?"

ஸ்கேல் சார் டாக்டரைப் பாத்தாரு. டாக்டர் எரிமலையையும் கடலையும் கட்டின மனுஷன், கருணை உள்ளவரு. காதோரமா, "கட்சி மாறிடுங்க சார்"னாரு. "கற்பனைன்னு சொல்லிடுங்க. உங்க ஸ்டேஷன், உங்க இஷ்டம்."

ஒரு கட்சித் தலைவருக்கு இதைவிடப் பெரிய சோதனை வரக்கூடாது. ஸ்கேல் சார் கண்ண மூடினாரு. ஏழு மாசம், நானூத்துப் பன்னெண்டு ஓடு, ஒரு இன்ஜின், அஞ்சு பெட்டி. கண்ணத் திறந்தாரு. தொண்டையக் கனைச்சாரு.

"சரி. நானும் கற்பனைக் கட்சி. ரயில் வந்த மாதிரி கற்பனை பண்ணிக்கறேன். போதுமா?"

"தாராளமா"ன்னாங்க டெய்லரம்மா. "கற்பனை பண்றதுக்கு ரூம் எதுக்குங்க? வாசப்படியில உக்காந்து பண்ணலாமே."

அவரு பதில் தேடறதுக்குள்ள வாசல்ல பெல் அடிச்சுது. ஹெட்மிஸ்ட்ரஸ். கையில ஒரு துணிப்பை, கவுனுக்குத் துணி. உள்ள எட்டிப் பாத்து, ஸ்கேல் சாரைப் பாத்ததும் ஒரு எட்டு பின்னாடி வெச்சு, அங்கேர்ந்தே கேட்டாங்க.

"நாலே காலுக்கு வரச் சொன்னீங்களே டெய்லரம்மா? இன்னிலேர்ந்து தனி ரூம்னு?"

ஸ்கேல் சார் கடிகாரத்தப் பாத்தாரு. நாலு பதினாலு.

ஒரு வாரத்துல எல்லாம் இடம் மாறிச்சு. மெஷின் ஜன்னலுக்குப் பக்கத்துல போச்சு, வெளிச்சம் இடது கைப்பக்கம் விழுந்துது. ஒரு மூலையில திரை போட்டுக் கண்ணாடி வெச்சாங்க. ஹெட்மிஸ்ட்ரஸ் அதுக்குள்ள போய்க் கவுனைப் போட்டுப் பாத்துட்டு வெளிய வந்து, "மனுஷங்க நிக்கற மாதிரி இருக்கு"ன்னாங்க. தண்டவாளமும் இன்ஜினும் அஞ்சு பெட்டியும் மாடிக்கு ஏறிச்சு. இப்பல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்கேல் சாரும் மாடி ஏறுவாரு. அவரு வண்டி எரிமலையச் சுத்தி, கடலத் தாண்டி, டைனோசர்கிட்ட டிக்கெட் காட்டிட்டுப் போகும். "சும்மா ஓட்டிப் பாக்கறேன், என் கொள்கை மாறல"ம்பாரு. டாக்டர் அந்த நேரத்துல அவரோட பின்பல்லைப் பத்திப் பேசறதில்ல. அது மரியாதை.

ஸ்டேஷனை மட்டும் டெய்லரம்மா விடல. தண்டவாளம் இல்லாம பாத்தா அது ஒண்ணேகால் அடிதான். அதைத் தையல் ரூம்லயே அலமாரி மேல வெச்சுட்டாங்க. காத்திருக்கற வாடிக்கைங்க அதைப் பாத்துச் சிரிப்பாங்க. 'எந்த வண்டியும் கிடையாது'ன்னு தெரிஞ்சும் உர்ருன்னு நிக்கற அந்த ரெண்டு பேரைப் பாத்துட்டு, "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான்"ம்பாங்க.

ஸ்கேல் சாரால சும்மா இருக்க முடியுமா? ரயில் பயணக் கதைய நிறுத்திட்டாரு. தெருவுல இப்ப பஸ் பயணக் கதை ஓடுது. ஆட்டுக்குட்டி, கயிறு, டிக்கெட்டு, கண்டக்டர் திட்டினது எல்லாம் உண்டு. திட்டின வார்த்தைகூட ஞாபகம் வந்துடுச்சு அவருக்கு. ஒரு மாசம் ரகசியமா ஒக்காந்து, எண்பத்தேழுல ஒரு பங்குக்கு ஒரு பஸ் பண்ணினாரு. கடைசி சீட்டுல தலை கூரையில முட்டற ஒரு ஆளு. பக்கத்துல கடுகு சைஸுக்கு ஒரு ஆட்டுக்குட்டி. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அதை உள்ளங்கையில வெச்சுக்கிட்டுத் தையல் ரூம் வாசல்ல வந்து நின்னாரு. கதவத் தட்டினாரு. இப்ப தட்டித்தான் வரணும்.

"இதை உன் ஸ்டேஷன் பக்கத்துல நிறுத்திக்கலாமா? இதுல ஒரு தப்பும் கிடையாது. அன்னிக்கு இருந்தது இருந்தபடி."

டெய்லரம்மா மெஷினை நிறுத்திட்டு வாங்கிப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. "நல்லா இருக்குங்க"ன்னாங்க. நெஜமாவே சொன்னாங்க.

"ஒரே ஒரு சந்தேகம். அதைத் தீத்து வெச்சா பெயின்ட் அடிச்சு முடிச்சுடுவேன். ஆட்டுக்குட்டிக்குக் காது கறுப்பா, வெள்ளையா?"

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

"நீதானே பாத்தே?"

"நான் கரும்பலகையத்தான் பாத்தேன். அதுவும் போட்டோவை உங்ககிட்ட கொடுக்கறதுக்கு முந்தின நாளு. மத்தபடி அன்னிக்கு எப்படிப் போனோம், எதுல போனோம்னு எனக்கும் சுத்தமா மறந்துபோச்சு."

ஸ்கேல் சார் உள்ளங்கையில இருந்த பஸ்ஸைப் பாத்தாரு. கூரையில முட்டற தலையப் பாத்தாரு. கழுத்துல கயிறோட நின்ன ஆட்டைப் பாத்தாரு.

"அப்ப... ஆடு?"

டெய்லரம்மா நூலைப் பல்லால கடிச்சு அறுத்தாங்க.

"ஆடு கற்பனைக் கட்சிங்க."